பச்சைக்கொடிப் பாடம்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரி மாடிப்படியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறாய் என்ற உண்மையை நீ சொல்லப்போவதில்லை என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. நம் ரயில்வே கம்பெனிக்கு இந்த வருஷம் ஐம்பது வயது. ஜூலையில் விழா. அதையொட்டி முதல் மேனேஜரைப் பற்றி ஒரு புத்தகம் போடுவதென்று டைரக்டர்கள் முடிவு செய்து, எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பயிற்சிப் பள்ளித் தலைவன், அதோடு அவருடைய மகன். வேறு யார் தலையில் கட்டுவார்கள்? முதல் நாள் "எனக்கெங்கே சார் நேரம்" என்று பிகு செய்துவிட்டு, மறுநாளே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா சங்கிலி பிடித்து நிலம் அளக்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்தது, ஆற்றுப் பாலத்துக்குக் கல் வராமல் எட்டு மாதம் கூடாரத்தில் கிடந்தது, முப்பத்தெட்டு வயதில் மேனேஜர் ஆனது, தினமும் காலை பத்து மணிக்குத் தந்தியில் நேரம் அனுப்பி எல்லா ஸ்டேஷன் கடிகாரங்களையும் ஒன்றாக்கியது, எல்லாம் பழைய கோப்புகளில் கிடைத்துவிட்டன. ஊழியர்கள் அவரைப் 'பத்து மணியார்' என்று கூப்பிட்டதைக்கூடச் சேர்த்துவிட்டேன். பொய் உத்தரவுக்குத் தனி அத்தியாயம். இப்படி ஆரம்பிக்கிறேன்:

'மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஸ்டேஷனில் வந்து இறங்குவார். விதிக்கு மாறான ஓர் உத்தரவை வேண்டுமென்றே போடுவார். முடியாது என்று மறுத்த ஸ்டேஷன் மாஸ்டரின் கையைக் குலுக்கிவிட்டுப் போவார். கீழ்ப்படிந்தவர் பதவி இறங்குவார். மேலதிகாரியைவிட விதி பெரியது என்பதை அவர் இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்.'

எப்படி? சுமாராகவாவது இருக்கிறதா?

மிச்சம் அந்த விபத்து ஒன்றுதான். பதினோரு வருஷமாக ஒவ்வொரு புது வகுப்புக்கும் நான் அதை நடத்துகிறேன். பச்சைக்கொடிப் பாடம் என்றே அதற்குப் பெயர். எதிரே கூட்ஸ் வரவேண்டிய நேரத்தில், நம் ஸ்பெஷல் வண்டியை அனுப்பச் சொல்லி அப்பா பொய் உத்தரவு போட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் பயந்துபோய்ப் பச்சைக்கொடி காட்டிவிட்டார். சோதனையோடு வண்டியை நிறுத்த அப்பா மணிக் கயிற்றை இழுத்தும் இன்ஜினில் மணி அடிக்கவில்லை. வளைவில் மோதி, கூட்ஸ் டிரைவரும் ஃபயர்மேனும் போய்விட்டார்கள். இன்றைக்கும் வகுப்பில் எவனாவது தயங்கினால் மற்றவர்கள், "என்னடா, பச்சைக்கொடி ஆயிட்டியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

நீ அந்த வண்டியில் இருந்தாய். பதிமூன்று வயது. அன்றைக்குத்தான் நான் பிறந்தேன், அன்றைக்குத்தான் அம்மா போனாள். அதனால் அப்பா உயிரோடு இருந்தவரை நம் வீட்டில் அந்த நாளைப் பற்றி யாரிடமும் வாய் திறந்து கேட்க முடியாமலே போயிற்று. இப்போது கேட்கிறேன். பார்த்ததையெல்லாம் எழுது.

இப்படிக்கு,
உன் விசில்


பிப்ரவரி 2

என் விசிலுக்கு,

நீ என் முழங்காலை விசாரித்தாய். அதுவும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது. குழந்தைகள் நலமா? சின்னவளின் இருமல் நின்றதா? படுக்குமுன் வெந்நீர் கொடுக்கச் சொல்.

பதில் எழுத நாளாகிவிட்டது. இந்த மாதம் பிரசவங்கள் வரிசை கட்டி வந்தன. பெரிய நர்ஸ் என்று பெயர்தான், உட்கார ஒரு நாற்காலி கிடைப்பதில்லை.

அப்பாவைப் பற்றிக் கேட்டாய். கோப்பில் இல்லாததைச் சொல்கிறேன். படுக்கும்போது செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வாசலைப் பார்த்துத்தான் வைப்பார், எழுந்தால் அப்படியே கிளம்பிவிட வேண்டும். ரயிலில் போகும்போது தண்டவாளங்கள் சேரும் இடத்தில் வரும் சத்தத்தை எண்ணி, வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்வார். என்னையும் எண்ணச் சொல்வார். தப்பாகச் சொன்னால், "போம்மா, நீ பாட்டு வகுப்புக்குத்தான் லாயக்கு" என்பார். உன்னைத் தூக்கவே பயப்படுவார். நீ அழுகிற அழுகையைக் கேட்டு, "இது குழந்தையா, இன்ஜின் விசிலா?" என்று அவர் கேட்டதிலிருந்துதான் உனக்கு அந்தப் பெயர். அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஸ்டேஷன்களில் அத்தனை பொய் உத்தரவு போட்டவருக்கு வீட்டில் ஒரு சின்னப் பொய் சொல்ல வராது. மூக்கு நுனி சிவந்துவிடும்.

அந்த நாளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மோதிய சத்தத்தில்தான் விழித்தேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. சின்னவள் இருமலை விட்டுவிட்டுத் தும்மலைப் பிடித்துக்கொண்டாள். மற்றபடி சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

செருப்பு விஷயத்தை அப்படியே சேர்த்துவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்தாய் என்பது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் பாதகமில்லை, அப்பா விசாரணையில் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. அதை வைத்து அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டேன். பார்:

'மேனேஜருக்கு அன்று எந்த அவசரமும் இல்லை. மனைவியின் மரணச் செய்தியே அவருக்கு மறுநாள் வீட்டு வாசலில்தான் தெரிந்தது. ஆகவே அவர் போட்டது வழக்கமான சோதனை உத்தரவே என்பதில் ஐயமில்லை. ஸ்டேஷன் மாஸ்டரோ வேலைக்குப் பயந்து பச்சைக்கொடி காட்டினார். அந்த ஒரு கோழையால் இரண்டு உயிர்கள் போயின. அந்தத் துயரத்திலிருந்துதான் நம் விதிப் புத்தகத்தின் பன்னிரண்டாம் விதி பிறந்தது: மேனேஜரே நேரில் வந்து சொன்னாலும், எதிர்வண்டி வந்து சேராமல் எந்த வண்டியும் புறப்படலாகாது.'

கடைசி வரியை எழுதிவிட்டு நானே எழுந்து ஒரு நடை நடந்தேன்.

ஒரு வேடிக்கை கேள். அன்றைக்கு வேலை பறிபோன அந்த ஸ்டேஷன் மாஸ்டர் இன்னும் உயிரோடு இருக்கிறாராம். புத்தகம் வருவது எப்படியோ காதில் விழுந்து, கம்பெனிக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ஆபீசில் படித்துச் சிரித்துவிட்டு என்னிடம் அனுப்பினார்கள். இப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பதில் போடுவது வழக்கமில்லை.

உன் விசில்


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அவர் எழுதிய கடிதத்தை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுதி அனுப்பு. எந்த ஊரில் இருக்கிறார், என்ன செய்கிறார் என்பதையும் எழுது.

'எந்த அவசரமும் இல்லை' என்ற வரி நன்றாக இல்லை. எடுத்துவிடு. அச்சுக்கு அனுப்ப அவசரப்படாதே.

உன் அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு உடம்பு சரியாக இருக்கிறதா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. முதல் கடிதத்துக்குப் பதில் போட ஒரு மாதம் எடுத்துக்கொண்டாய். இதற்கு நான்கே நாளில் பதில். அதுவும் தந்தி மாதிரி.

அந்தக் கடிதத்தில் இருப்பதே ஒரு வரிதான். 'என்னைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், எழுதுமுன் என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.' அவ்வளவுதான். கெஞ்சலும் இல்லை, திட்டும் இல்லை. நீ இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். விலாசம் பின்பக்கத்தில்.

அந்த வரியை ஏன் எடுக்கச் சொல்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. மற்ற எதை வேண்டுமானாலும் வெட்டுவேன். அதை வெட்ட மாட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? சின்ன வயதில் என் காது படவே, "பொறந்ததும் அம்மாவை முழுங்கிட்டான்" என்று பேசியவர்கள் உண்டு. நீ அவர்களோடு சண்டைக்குப் போவாய். நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். அம்மா அப்படித் துடித்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் இல்லையே என்று எவ்வளவோ நாள் நினைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது, தெரியாததால் வரவில்லை, அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல். அதனால்தான் அந்த வரி.

கையெழுத்துப் பிரதி ஏப்ரல் கடைசியில் அச்சகத்துக்குப் போகிறது.

உன் விசில்


ஏப்ரல் 3

என் கண்ணான தம்பிக்கு,

நீயும் உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் பள்ளியில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி. ஆறு வாரமாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இன்று அனுப்புகிறேன்.

நான் தூங்கவில்லை. அன்றைக்கு ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை.

மத்தியானம் அந்தச் சின்ன ஸ்டேஷனில் நம் வண்டி நின்றது. ஒரே தண்டவாளம், எதிரே கூட்ஸ் வந்து சேர்ந்த பிறகுதான் நாம் போக முடியும். கூட்ஸைக் கிளப்பலாம் என்று இந்த ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்குத் தந்தியில் சம்மதம் கொடுத்துவிட்டார். அடுத்து அதே கம்பியில் வந்தது நம் வீட்டுச் செய்தி. அவரே கேட்டு, அவர் கையாலேயே எழுதி, ஓடிவந்து ஜன்னல் வழியாக அப்பாவிடம் கொடுத்தார். 'பிரசவ வலி. நிலைமை மோசம். உடனே வரவும்.' அதற்குப் பிறகு கம்பி செத்துவிட்டது. கூட்ஸை அங்கேயே நிறுத்தி வை என்று சொல்லக்கூட வழியில்லை.

அப்பா சொன்னார்: "கூட்ஸ் அங்க தண்ணி பிடிக்கவே அரை மணி ஆகும். அதுக்குள்ள நாங்க போய்ச் சேர்ந்துடுவோம். கொடியைக் காட்டு."

ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தார். "ஐயா, இந்த ஸ்டேஷன்ல உங்க பொய் உத்தரவு பலிக்காது. வேற கடையைப் பாருங்க" என்றார். வருத்தமான செய்திக்கு நடுவிலும் மேனேஜர் சோதிக்கிறார் என்றே அவர் நினைத்திருக்கிறார். அப்பா அப்படித்தானே எல்லோரையும் பழக்கி வைத்திருந்தார்?

"இது பொய் இல்லைய்யா. அவ சாகக் கிடக்கிறா. நீதானே எழுதிக் குடுத்தே?" என்று அப்பா கத்தினார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. நானும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட போகணும்" என்று அழுதேன். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கொடியைக் காட்டினார்.

அப்பா மணிக் கயிற்றைத் தொடவே இல்லை. "வேகமா, இன்னும் வேகமா" என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கூட்ஸ் அன்றைக்குத் தண்ணீர் பிடிக்காமலே கிளம்பியிருந்தது.

நம் பெட்டி கடைசியில் இருந்ததால் எனக்குக் கை உடைந்ததோடு போயிற்று. மறுநாள் வீட்டுக்குப் போனபோது அம்மா இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கையில் நீ வீறிட்டுக்கொண்டிருந்தாய். பத்தாம் நாள் விசாரணை. அதற்கு முன்தினம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "யாராவது கேட்டா தூங்கிட்டிருந்தேன்னு சொல்லும்மா" என்றார். மூக்கு சிவக்கவில்லை, முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. நான் நாற்பத்தொரு வருஷமாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? அம்மாவை முழுங்கினவன் என்று உன்னை ஏற்கெனவே பேசினார்கள். உன்னைப் பார்க்கத்தான் அந்த வண்டி ஓடியது என்று தெரிந்தால் இன்னும் இரண்டு உயிரையும் உன் தலையில் போட்டுக்கொள்வாய். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்ட பிள்ளைக்கு அதை எந்த வாயால் சொல்வேன்?

போன வாரம் அந்த சைக்கிள் கடைக்குப் போனேன். ஒல்லியான மனிதர், வெடுக்கென்ற பேச்சு. யார் என்று சொன்னேன். "தெரியுது. விசாரணை அன்னிக்கு இடது கையில கட்டோட வந்திருந்தே" என்றார். ஸ்டூலைக் காட்டினார்.

விசாரணையில் அந்தத் தந்தியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவரே சொல்லுவாருன்னு இருந்தேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்துப் பத்து நாள் ஆன மனுஷன். அவர் வீட்டுத் துக்கத்தை நான் எடுத்து மேசை மேல போடணுமா? அவர் சோதனைன்னு சொன்னதும் எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. அதுக்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் சாக்குதான்."

நான் அழுதுவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நாப்பது வருஷம் கழிச்சு வந்து அழறே. உனக்குத் தூக்கம் வரலேன்னா அதுக்கு நான் மருந்து இல்லம்மா" என்றார். எனக்கு அது வேண்டியதுதான்.

உன்னிடம் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என்னைக் குத்தமில்லாதவன்னு எழுத வேணாம். நான் செஞ்சது தப்பு. செத்த ரெண்டு பேர் வீட்டுலயும் பெண்டாட்டி பிள்ளை இருந்துது. ஆனா பயந்து காட்டினேன்னு எழுதாதீங்க. உங்கப்பா மேல எனக்கு என்ன பயம்? அதுக்கு முன்னாடி மூணு தடவை முடியாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கேன், மூணு தடவையும் கை குலுக்கிட்டுப் போனார். நான் இரக்கப்பட்டேன். அந்த ஒரு வார்த்தையை மாத்தச் சொல்லு."

இவ்வளவுதான், தம்பி. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு. ஆனால் அந்த அத்தியாயம் அப்படியே அச்சுக்குப் போகக் கூடாது.

உன் அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

பதினோரு வருஷத்தில் முன்னூறு பேருக்கு மேல் அந்தப் பாடத்தைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்க வைத்தவன் நான். கொடியைக் கையில் பிடித்து நடுங்கிக் காட்டுவேன், ஒரு நடிகனைப் போல. நன்றாக நடுங்குவேன் என்று பெயர் வேறு.

நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நீ அந்த மனிதரைப் பலி கொடுத்துவிட்டாய். உன்னை மட்டும் சொல்லி என்ன? எல்லோரும் என்னைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அப்பா, நீ, அவர். எனக்கு ஒரு மண்ணும் தெரியாமல் மேடையில் நின்றுகொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 28

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இது கடிதம் இல்லை, விசாரிப்பு. நலமாக இருக்கிறாயா? சாப்பிடுகிறாயா? அச்சகத்துக்குப் பிரதி போய்விட்டதா?

ஆம், இல்லை என்று மட்டும் எழுது போதும்.

அக்கா


ஜூன் 3

தம்பிக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து ஒரு வரி வந்தால் இன்னும் நலமாக இருப்பேன்.

தபால்காரர் ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார், பாவம். விழாவுக்கு ஸ்டேஷன்களுக்கெல்லாம் வெள்ளை அடிப்பதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. புத்தகத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து தினமும் பேப்பரைப் புரட்டிப் பார்க்கிறேன்.

நீ சொன்னது சரி. உன்னைக் காப்பாற்ற நான் அவரைப் பலி கொடுத்தேன். இதைப் படிக்கும்போது உனக்கு எவ்வளவு வலிக்கிறதோ தெரியாது, எழுதும்போது எனக்கு வலித்தது. நான் ஏன் பிரசவ நர்ஸ் ஆனேன் என்று நீ என்னைக் கேட்டதே இல்லை. ஒவ்வொரு பிரசவத்திலும் அந்த வண்டியை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடப் பார்க்கிறேன்.

அப்பாவை வெறுக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் கவனி. அந்த விபத்துக்குப் பிறகு அவர் ஒரு பொய் உத்தரவுகூடப் போடவில்லை. உன் கோப்புகளில் தேடிப்பார், இருக்காது. பன்னிரண்டாம் விதியை ஊருக்காக எழுதினார் என்று நினைத்தாய். அது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட பூட்டு. பூட்டுப் போடத் தெரிந்தவருக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நான் அவர் மகள்தான்.

நீ எப்படி, தம்பி?

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத இத்தனை நாள் ஆயிற்று. பெரிய நலம் ஒன்றுமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? உன் மூன்று கடிதங்களும் என் சட்டைப்பையில்தான் இருக்கின்றன.

முதலில் புத்தகம். நீ சொன்னது அத்தனையும் எழுதி அத்தியாயத்தை மாற்றிக் கொடுத்தேன். டைரக்டர்கள் கூப்பிட்டார்கள். பதிமூன்று வயதுப் பெண் பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்றார்கள். அந்த வருஷத்துத் தந்திப் பதிவேட்டைத் தேடினால், அதற்கு முந்தியதும் பிந்தியதும் இருக்கின்றன, அது மட்டும் இல்லை. அப்பாவின் அறையில்தான் அவை இருந்தன என்பதை நான் சொல்லாமலே அவர்கள் புரிந்துகொண்டார்கள். "விழா நேரத்துல வீட்டுக் கதை எதுக்கு சார்?" என்று ஒருவர் கேட்டார். பழைய அத்தியாயத்தைப் போட நான் சம்மதிக்கவில்லை, புதியதைப் போட அவர்கள் சம்மதிக்கவில்லை. கடைசியில் விபத்தே இல்லாமல் புத்தகம் வருகிறது. அட்டையில் என் பெயர் இருக்காது, நானே எடுக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து எனக்குப் பார்சல் ஆபீசில் வேலை. பள்ளிக்கு வேறொருவர் வருகிறார்.

போவதற்கு முன் எனக்கு ஒரு வகுப்பு பாக்கி இருந்தது. அந்தப் பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பஞ்சரா?" என்றார்.

"இல்லீங்க. நான் மேனேஜர் பையன்."

"எந்தப் பையன்?"

"ஒரே பையன்தான். அன்னிக்குப் பொறந்தவன்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். என் காலிலிருந்து தலை வரை பார்த்தார். "இவ்ளோ வயசாயிடுச்சா உனக்கு" என்றார். மன்னிப்புக் கேட்கத் தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது. வகுப்புக்கு வந்து நீங்களே சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டேன். "நான் என்ன கண்காட்சியா?" என்று விரட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு போனேன், மறுபடியும் விரட்டினார். மூன்றாவது ஞாயிறு, "எனக்காக ஒருத்தரும் பரிஞ்சு பேசக் கூடாது, சம்மதமா?" என்றார்.

நேற்று வந்தார். இருபத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டேன். அவர் நின்றுகொண்டே பேசினார். கம்பி, தந்தி, கூட்ஸ், அப்பா, ஜன்னலில் நீ, எல்லாவற்றையும் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். "பயந்து காட்டினேன்னு உங்களுக்குச் சொல்லிக்குடுத்திருப்பாங்க. நான் பயப்படல. இரக்கப்பட்டேன். ரெண்டு பேர் செத்தாங்க" என்று முடித்தார். இறந்த இருவரின் பெயரையும் சொன்னார். அக்கா, பதினோரு வருஷமாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன், அந்தப் பெயர்களை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தக் குழந்தை என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பிழைச்சுதுன்னு கேள்விப்பட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் டம்ளரை எடுத்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசில்லை. அன்றைக்கு அப்பாவைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லாமல்தான் மொத்த வாழ்க்கையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

நான் எழுந்தேன். கால் நடுங்கியது, இந்தத் தடவை நடிப்பில்லை. "அது நான்தான்" என்றேன்.

அவர் டம்ளரை வைத்துவிட்டு, என் தோளில் கையைப் போட்டு, என்னை வகுப்பைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார்.

"நல்லா பாத்துக்கோங்க. இவர் நூறு வயசு நல்லா இருக்கணும்" என்றார். "ஆனா நாளைக்கு உங்ககிட்ட யார் வந்து அழுதாலும், நீங்க கொடியைக் காட்டாதீங்க."

அவரை மாலை வண்டியில் ஏற்றிவிட்டேன். வருகிற ஞாயிறு அங்கே வருகிறேன், உன்னிடம்.

உன் தம்பி